டிக்கர் நாடாவையும் இயக்க வரைபடங்களையும் படிப்பது எப்படி: புள்ளியிலிருந்து முடுக்கம் வரை

கோடைக்காலத்தில் தெருவில் போகும் தண்ணீர் லாரியைக் கவனித்திருப்பீர்கள். குழாய் ஒழுகி, சாலை நெடுக சொட்டு விட்டுக்கொண்டே போகும். லாரி மெதுவாகப் போன இடத்தில் சொட்டுகள் நெருக்கமாக இருக்கும், வேகமெடுத்த இடத்தில் விலகியிருக்கும். லாரி போன பிறகு வந்து பார்ப்பவர்கூட அது எங்கே வேகம் பிடித்தது, எங்கே பிரேக் போட்டது என்று சொல்லிவிடலாம். டிக்கர் நாடா செய்யும் வேலை இதுதான். ஒரே வித்தியாசம், இதில் சொட்டு விழும் நேரம் துல்லியமாகத் தெரியும்.

இயக்க வரைபடங்களில் தடுமாறும் மாணவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சமன்பாட்டை மறந்துவிட்டு முதலில் நாடாவைக் கையில் எடுங்கள். நாடாவை வெட்டி ஒட்டினால் திசைவேக வரைபடம் தானாகவே வந்து நிற்கும். அதைக் கண்ணால் பார்த்தவருக்குச் சாய்வு, பரப்பு என்ற சொற்கள் பிறகு பயமுறுத்தாது. ஒரே ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து என்னென்ன பிடுங்கலாமோ அத்தனையையும் இங்கே பிடுங்கிப் பார்ப்போம்.

கருவி

டிக்கர் டைமரில் ஒரு மின்காந்தம், அதன் அருகே அதிரும் ஓர் எஃகுத் தகடு, தகட்டின் நுனியில் ஒரு சிறு ஊசி. ஊசிக்குக் கீழே வட்டமான கார்பன் தாள், அதற்கடியில் காகித நாடா. குறைந்த மின்னழுத்த மாறுமின்னோட்டம் கொடுத்தால் தகடு அதிர்ந்து நாடாவில் புள்ளி குத்திக்கொண்டே இருக்கும். டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம் கொடுத்தால் தகடு ஒரு பக்கம் இழுபட்டு அப்படியே நின்றுவிடும். டைமர் ஓடவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லா இடங்களிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆகவே நொடிக்கு 50 புள்ளி. அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே 1/50 நொடி, அதாவது 0.02 நொடி. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே இது 1/60 நொடி. அந்நாட்டுக் கணக்குகளைப் போட்டுப் பழகும்போது இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்வாரிய அதிர்வெண் சில சமயம் கொஞ்சம் ஏறும் இறங்கும், அது கணக்கைக் கெடுக்காதா என்று கேட்கலாம். இந்திய மின்தொகுப்பில் அதிர்வெண் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அதிகபட்சம் 0.2 சதவீத வேறுபாடு. நம் அளவுகோல் செய்யும் பிழைக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை.

கவனிக்க வேண்டியது வேறு. சில டைமர்கள் நொடிக்கு 100 புள்ளி போடும். தகட்டோடு நிலைக்காந்தம் இல்லாவிட்டால், மின்னோட்டத்தின் ஒவ்வொரு சுற்றிலும் தகடு இரண்டு முறை இழுபடும், அதனால் இரட்டிப்பு. சந்தேகம் வந்தால் சோதிப்பது சுலபம். டைமரை ஓடவிட்டு, ஸ்டாப்வாட்ச் வைத்து இரண்டு நொடிக்கு நாடாவைக் கையால் சீராக இழுங்கள். ஏறக்குறைய 100 புள்ளி இருந்தால் 50 ஹெர்ட்ஸ், 200 இருந்தால் 100 ஹெர்ட்ஸ்.

சோதனையை அமைப்பது

மேசைமேல் ஒரு நீளமான பலகை, அதன்மேல் டிராலி என்னும் சிறு சக்கர வண்டி. டிராலியின் பின்பக்கம் நாடாவை ஒட்டி, நாடாவை டைமர் வழியாகச் செலுத்துங்கள். முன்பக்கம் ஒரு நூல், அது கப்பி வழியாகக் கீழிறங்கி ஓர் எடையில் முடிகிறது. நம் எடுத்துக்காட்டில் டிராலி 700 கிராம், தொங்கும் எடை 100 கிராம். எடை தரையைத் தொட ஏறக்குறைய 33 செ.மீ. விழ வேண்டும் என்று நூலின் நீளத்தைச் சரிசெய்திருக்கிறோம். பலகையின் கடைசிப் பகுதியில் ஒரு துணியை விரித்துவிட்டோம்.

ஓடவிடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, பலரும் தவிர்ப்பது இதைத்தான்: உராய்வை ஈடுகட்டுவது. எடையைக் கழற்றிவிட்டு, நாடாவை டைமரில் மாட்டியபடியே, பலகையின் டைமர் பக்க முனைக்கடியில் மரத்துண்டோ நோட்டுப்புத்தகமோ வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துங்கள். டிராலியை லேசாகத் தள்ளிவிட்டால் அது வேகம் கூடாமலும் குறையாமலும் போக வேண்டும். கண்ணை நம்ப வேண்டாம், நாடாவைப் பாருங்கள்: புள்ளிகள் சம இடைவெளியில் விழுந்திருந்தால் சரி. நாடா இல்லாமல் இதைச் செய்தால் பயனில்லை, ஏனென்றால் டைமருக்குள் நாடா உரசும் உரசலும் ஈடுகட்ட வேண்டிய உராய்வில் சேர்ந்ததுதான்.

அப்புறம் டைமரை முதலில் போடுங்கள், டிராலியைப் பிறகு விடுங்கள்.

அளக்கும் முன் பாருங்கள்

நாடாவை மேசையில் நீட்டி வைத்து, எந்த முனை முதலில் அச்சானது என்று முடிவு செய்யுங்கள். டிராலியில் ஒட்டியிருந்த முனைதான் டைமரை முதலில் தாண்டியது. ஆகவே டிராலிக்கு அருகே இருக்கும் புள்ளிகள்தான் மூத்தவை. இதைத் தலைகீழாகப் படித்தால் வேகம் கூடிய வண்டி வேகம் குறைந்த வண்டியாகிவிடும். நாடாவைக் கழற்றும்போதே டிராலி முனையில் பென்சிலால் ‘தொடக்கம்’ என்று எழுதிவிடுங்கள்.

நம் நாடாவின் தொடக்கத்தில் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. டிராலி கிளம்புவதற்கு முன்பும் கிளம்பிய உடனேயும் விழுந்தவை அவை. அதற்கடுத்து இடைவெளிகள் மெல்ல அகலமாகிக்கொண்டே போகின்றன. அகலமாவது ஓரிடத்தில் நின்று, புள்ளிகள் ஒரே சீராக வருகின்றன. பிறகு சட்டென நெருங்கத் தொடங்கி, ஒன்றோடொன்று ஒட்டி நின்றுவிடுகின்றன.

ஒரு எண்கூட எழுதாமலே கதை முழுவதும் வந்துவிட்டது. எடை இழுத்தபோது டிராலி வேகம் கூடியது. எடை தரையைத் தொட்டதும் நூல் தளர்ந்தது, உராய்வை ஏற்கெனவே ஈடுகட்டிவிட்டதால் டிராலி அதே வேகத்தில் போனது. துணிமேல் ஏறியதும் வேகம் குறைந்து நின்றது. இந்த மூன்று கட்டங்களையும் நாடாவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தைந்து இடைவெளியாக வெட்டுவது

ஒவ்வொரு இடைவெளியாக ஏன் அளக்கக் கூடாது? தொடக்கத்தில் ஓர் இடைவெளி 3 அல்லது 4 மி.மீ.தான் இருக்கும். அளவுகோலில் 1 மி.மீ. தவறினால் கால்வாசிக்கு மேல் பிழை. ஐந்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்தால் அதே 1 மி.மீ. தவறு நான்கைந்து சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. இன்னொரு வசதி, ஐந்து இடைவெளி என்றால் 5 × 0.02 = 0.1 நொடி. பத்தால் பெருக்கினால் திசைவேகம் வந்துவிடும்.

குழம்பிய புள்ளிகளை விட்டுவிட்டு, தெளிவாகத் தெரியும் முதல் புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு எண் 0. அடுத்ததற்கு 1, பிறகு 2, 3, 4, 5. ஐந்தாம் புள்ளியில் ஒரு கோடு. ‘ஒன்று’ என்று தொடங்கி எண்ணினால் ஐந்து புள்ளிகளுக்குள் நான்கு இடைவெளிதான் இருக்கும், காலம் 0.08 நொடியாகிவிடும், அதன்பின் வரும் எல்லா விடையும் தவறு. நாடாக் கணக்கில் அதிகமாக மதிப்பெண் போவது இந்த இடத்தில்தான். எண்ண வேண்டியது இடைவெளிகளை, புள்ளிகளை அல்ல.

பத்தாம் புள்ளியில் அடுத்த கோடு, பதினைந்தில் அடுத்தது. கோடு புள்ளியின் நடுவே போகட்டும். நம் நாடா இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம், நீளங்கள் செ.மீ.-இல்:

முதல் கட்டம்: 2.3, 3.6, 4.7, 6.0, 7.3, 8.4
இரண்டாம் கட்டம்: 9.0, 9.1, 9.0
மூன்றாம் கட்டம்: 7.8, 5.2, 2.8

கடைசியில் 0.4 செ.மீ.-க்குள் மூன்று இடைவெளி மிஞ்சுகிறது. அதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒட்டினால் வரைபடம்

வரைபடத்தாளில் கிடை அச்சு வரைந்து, வெட்டிய துண்டுகளை வரிசை மாறாமல் ஒன்றையொன்று தொட்டபடி நிமிர்த்தி ஒட்டுங்கள். எல்லாத் துண்டின் அடியும் அச்சைத் தொட வேண்டும். பன்னிரண்டு துண்டும் ஒட்டி முடித்ததும் படியேறி, சமமாக நடந்து, இறங்கும் ஓர் உருவம் கிடைக்கும்.

துண்டின் அகலம் 0.1 நொடி. உயரம் அந்த 0.1 நொடியில் போன தூரம். காலம் எல்லாவற்றுக்கும் ஒன்றே என்பதால், உயரம் திசைவேகத்துக்கு நேர்விகிதம். 1 செ.மீ. உயரம் என்றால் 10 செ.மீ./வி. செங்குத்து அச்சில் 2 செ.மீ. இருக்குமிடத்தில் 20 என்றும், 4 செ.மீ. இருக்குமிடத்தில் 40 என்றும் எழுதுங்கள், வேறெதுவும் செய்ய வேண்டாம். திசைவேகம்–காலம் வரைபடம் தயார். யாரும் எந்தச் சூத்திரத்திலும் எதையும் போடவில்லை. நாடாவேதான் வரைபடம்.

இப்போது ஒவ்வொரு துண்டின் மேல்விளிம்பிலும் நடுவே ஒரு புள்ளி வைத்து இணையுங்கள். ஏன் நடுவே? 2.3 செ.மீ. துண்டு தருவது 23 செ.மீ./வி என்ற சராசரி. அந்த 0.1 நொடியின் தொடக்கத்தில் டிராலி இதைவிட மெதுவாகப் போனது, முடிவில் வேகமாகப் போனது. சீரான முடுக்கத்தில், அதாவது திசைவேகம் ஒரே சீராக மாறும்போது, சராசரித் திசைவேகம் சரியாக நடு நேரத்தின் திசைவேகமாக இருக்கும். ஆகவே 23 என்பது 0.05 நொடிக்கு உரியது, 36 என்பது 0.15 நொடிக்கு உரியது, 84 என்பது 0.55 நொடிக்கு உரியது.

புள்ளிகள் அளவுகோல் வைத்ததுபோல் நேர்க்கோட்டில் விழாது. 2.3-லிருந்து 3.6-க்கு 1.3 கூடியிருக்கிறது, அடுத்ததில் 1.1, பிறகு 1.3. இது அளவீட்டின் இயல்பு. புள்ளிகளைத் திருத்தி எழுதும் ஆசையை அடக்கிக்கொண்டு, இருபுறமும் சமமாகப் புள்ளிகள் இருக்கும்படி ஒரே நேர்க்கோடு போடுங்கள்.

முடுக்கம்

முதல் கட்டக் கோட்டின் சாய்வுதான் முடுக்கம். முதல் துண்டில் 23 செ.மீ./வி, ஆறாம் துண்டில் 84 செ.மீ./வி. மாற்றம் 61. எடுத்துக்கொண்ட காலம்?

ஆறு துண்டு என்பதால் 0.6 நொடி என்று எழுதத் தோன்றும். வரைபடத்தைப் பார்த்தால் அந்தத் தவறு நடக்காது. 0.05-லிருந்து 0.55 வரை, அதாவது 0.5 நொடி. நடுவிலிருந்து நடுவுக்கு என்பதால், துண்டுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்துப் பெருக்க வேண்டும். 61 ÷ 0.5 = 122 செ.மீ./வி², அதாவது 1.22 மீ/வி². 0.6 போட்டிருந்தால் 1.02 வந்திருக்கும்.

எது சரி என்பதை நியூட்டனின் இரண்டாம் விதியிடம் கேட்போம். 100 கிராம் எடையை ஈர்க்கும் விசை 0.1 × 9.8 = 0.98 நியூட்டன். அது நகர்த்துவது டிராலியையும் எடையையும் சேர்த்து 0.8 கி.கி. முடுக்கம் 0.98 ÷ 0.8 = 1.225 மீ/வி². நாடா சொன்னதும் இதையே.

அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது காலம் 0-இல் ஏறக்குறைய 17 செ.மீ./வி-இல் செங்குத்து அச்சை வெட்டும். டிராலியை ஓய்விலிருந்துதானே விட்டோம்? ஆமாம், ஆனால் குழம்பிய புள்ளிகளை நாம் விட்டுவிட்டோம். நம்முடைய 0-ஆம் புள்ளியில் டிராலி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. 17 ÷ 122 ≈ 0.14 நொடிக்கு முன் அது கிளம்பியிருக்க வேண்டும், அதாவது ஏழு இடைவெளிக்கு முன்னால். ஆகவே கோட்டை ஆதிப்புள்ளி வழியாக வலிந்து இழுக்காதீர்கள்.

மூன்றாம் கட்டத்தில் 78-லிருந்து 28 வரை, 0.2 நொடியில். மாற்றம் −50. முடுக்கம் −250 செ.மீ./வி². எதிர்க்குறி சொல்வது, முடுக்கம் இயக்கத்துக்கு எதிர்த்திசையில் இருக்கிறது என்பதை. நடுக்கட்டத்தில் கோடு கிடையாகப் போகிறது, முடுக்கம் சுழி. வண்டி நின்றுவிட்டது என்று இதைப் படிக்காதீர்கள், அது 90 செ.மீ./வி-இல் போய்க்கொண்டிருக்கிறது.

முடுக்கம்–காலம் வரைபடம் இனி ஒரு நிமிட வேலை: 0.6 வரை +1.22-இல் கிடைக்கோடு, 0.9 வரை சுழியில், அதன்பின் −2.5-இல்.

அதே நாடாவிலிருந்து இடப்பெயர்ச்சி வரைபடம்

துண்டு நீளங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போங்கள். 0.1 நொடியில் 2.3, பிறகு 5.9, 10.6, 16.6, 23.9, 0.6 நொடியில் 32.3. தொடர்ந்து 41.3, 50.4, 59.4. பிறகு 67.2, 72.4, 1.2 நொடியில் 75.2 செ.மீ. இவற்றை முழு நேரங்களுக்கு எதிரே குறிக்க வேண்டும், 0.1, 0.2 என்று. நடு நேரம் திசைவேகத்துக்கு மட்டும்தான், ஏனென்றால் 0.1 நொடி முடிந்தபோது டிராலி சரியாக 2.3 செ.மீ.-இல் இருந்தது, இதில் சராசரி எதுவும் இல்லை.

கிடைப்பது மூன்று பகுதி கொண்ட ஒரே கோடு. முதலில் மேல்நோக்கி வளைந்து செங்குத்தாகிக்கொண்டே போகும் வளைவு, பிறகு நேர்க்கோடு, கடைசியில் சாய்ந்து படுக்கும் வளைவு. மூன்றாம் பகுதியிலும் கோடு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. வேகம் குறைந்தாலும் டிராலி முன்னேதானே போகிறது.

வளைவின் உயரத்தைப் பார்க்காமல் சாய்வைப் பாருங்கள். 0.35 நொடியில் வளைவைத் தொட்டபடி அளவுகோலை வைத்துத் தொடுகோடு வரைந்து சாய்வு கண்டால் 60 செ.மீ./வி வரும். நான்காம் துண்டின் உயரம் 6.0 செ.மீ. என்பதை நினைத்துப் பாருங்கள். இடப்பெயர்ச்சி வரைபடத்தின் சாய்வுதான் திசைவேக வரைபடத்தின் உயரம்.

எந்த வரைபடம் வந்தாலும் வடிவத்தைப் பார்ப்பதற்கு முன் செங்குத்து அச்சில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். கிடைக்கோடு என்றால் இடப்பெயர்ச்சி வரைபடத்தில் பொருள் நிற்கிறது, திசைவேக வரைபடத்தில் சீராக ஓடுகிறது, முடுக்க வரைபடத்தில் சீராக வேகம் மாறுகிறது. ஒரே கோடு, மூன்று வேறு கதை. மேலேறும் கோட்டைப் பார்த்து வண்டி மேட்டில் ஏறுகிறது என்று படிப்பவர்களும் உண்டு. வரைபடம் பாதையின் படம் கிடையாது, நம் டிராலி ஓடியது ஏறக்குறைய மட்டமான பலகையில்.

பரப்பு

திசைவேகக் கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு இடப்பெயர்ச்சி. ஏன் என்பது ஒட்டிய நாடாவைப் பார்த்தாலே தெரியும்: துண்டுகளைத் திரும்ப எடுத்து நீளவாக்கில் இணைத்தால் போன தூரம் வந்துவிடும். கணக்காகவும் பார்த்துவிடலாம். முதல் கட்டம் 17-லிருந்து 90 வரை ஏறும் சரிவகம்: (17 + 90) ÷ 2 × 0.6 = 32.1 செ.மீ. அளந்தது 32.3. இரண்டாம் கட்டம் செவ்வகம்: 90 × 0.3 = 27, அளந்தது 27.1. மூன்றாம் கட்டம் முக்கோணம்: 90-லிருந்து −250 முடுக்கத்தில் நிற்க 0.36 நொடி, பரப்பு ½ × 0.36 × 90 = 16.2. துண்டுகளின் கூட்டுத்தொகை 15.8, தனியாக வைத்த மிச்சம் 0.4, மொத்தம் 16.2. அந்த மூன்று இடைவெளியின் காலம் 0.06 நொடி, 0.3-உடன் சேர்த்தால் 0.36. இரண்டும் பொருந்துகின்றன.

தானே விழும் எடையின் நாடா

டைமரைச் செங்குத்தாகப் பிடித்து, நாடாவில் ஓர் எடையைக் கட்டிக் கீழே விழவிட்டால் புவியீர்ப்பு முடுக்கத்தை அளக்கலாம். இங்கே ஐந்தாக வெட்டத் தேவையில்லை, இடைவெளிகள் வேகமாகப் பெரிதாகும். ஒவ்வோர் இடைவெளியும் முந்தையதைவிட 9.8 × 0.02² மீட்டர், அதாவது 3.9 மி.மீ. கூடுதலாக இருக்கும். எடை கிளம்பிய அதே கணத்தில் ஒரு புள்ளி விழுந்திருந்தால் முதல் இடைவெளி ஏறக்குறைய 2 மி.மீ. பல நாடா எடுத்து, முதல் இரு புள்ளிகள் 2 மி.மீ. தள்ளியிருக்கும் நாடாவைத் தேர்ந்தெடுப்பது நல்ல பழக்கம், அதில் ஓய்விலிருந்து கிளம்பியது என்று நம்பிக் கணக்குப் போடலாம்.

அப்படிப்பட்ட நாடாவில் இடைவெளிகள் 2.0, 5.9, 9.8, 13.7 மி.மீ. என்று வரும். முதலாவதால் வகுத்தால் 1 : 3 : 5 : 7. இதே ஒற்றைப்படை வரிசையைத்தான் கலிலியோ 1638-இல் வெளியான தன் நூலில் எழுதினார். அவரிடம் டைமர் இல்லை. சாய்தளத்தில் வெண்கல உருண்டையை உருட்டி, பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே ஒழுகிய தண்ணீரை நிறுத்துப் பார்த்து நேரத்தை அளந்தார்.

உங்கள் விடை 9.8-ஐ விடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். நாடா கார்பன் தாளுக்கடியில் உரசுவது காரணம். எடையைக் கூட்டினால் அந்த உரசலின் பங்கு குறைந்து விடை நெருங்கி வரும்.

நாடாவால் சொல்ல முடியாதது

நாடாவுக்கு இழுபடத்தான் தெரியும். டிராலி சாய்தளத்தில் மேலேறித் திரும்பி வந்தால் நாடா தளர்ந்து சுருண்டுவிடும், திரும்பிய கதை பதிவாகாது. வரைபடத்துக்கு அந்தத் தடை இல்லை. ஒரு பந்தை 9.8 மீ/வி வேகத்தில் நேர்மேலே எறிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். திசைவேகக் கோடு +9.8-இல் தொடங்கி, 1 நொடியில் சுழியைக் கடந்து, 2 நொடியில் −9.8-ஐத் தொடும். ஒரே நேர்க்கோடு, நடுவில் எந்த வளைவும் இல்லை. உச்சியில் திசைவேகம் சுழி என்பதால் முடுக்கமும் சுழி என்று எழுதுபவர்கள், அந்த இடத்தில் கோட்டின் சாய்வைப் பார்க்கட்டும். முன்னும் பின்னும் இருந்த அதே −9.8 மீ/வி²-தான் அங்கேயும். அச்சுக்கு மேலுள்ள முக்கோணத்தின் பரப்பு 4.9 மீ., கீழுள்ளது −4.9 மீ. கூட்டினால் இடப்பெயர்ச்சி சுழி, பந்து கைக்கே வந்துவிட்டது. குறியை விட்டுவிட்டுக் கூட்டினால் போன தூரம் 9.8 மீ.

டைமர் இல்லாத வீட்டிலும் இதைச் செய்து பார்க்க வழி இருக்கிறது. சுவரில் அளவு நாடாவைத் தொங்கவிட்டு, அதன் பக்கத்தில் பந்தை விழவிட்டு, கைப்பேசியை அசையாமல் நிறுத்தி வீடியோ எடுங்கள். கேமரா நொடிக்கு 30 படம் எடுத்தால் படத்துக்குப் படம் 1/30 நொடி. படத்தை ஒவ்வொன்றாக நகர்த்திப் பந்தின் அடிப்பகுதி எந்த அளவில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த இடைவெளிகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1.1 செ.மீ. கூடிக்கொண்டே போக வேண்டும்.